தெய்வமாக்கலும் தெய்வமாகக் கொள்ளலும்

ஒரு சமுதாயத்தின் நெஞ்சத்தை அறிய விரும்புவோர் அச்சமுதாயம் வழங்கும் சொற்களை ஆராய்தல் வேண்டும். அரசரின் கல்வெட்டுக்கள் அவர்தம் பெருமையை மட்டுமே கூறும். சொற்களோ அவற்றை ஆண்ட மக்களின் அச்சம், அன்பு, ஆசை என்னும் எல்லாவற்றையும் மறையாது கூறிவிடும். அத்தகைய சொல்லொன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். மனிதன் ஒருவனைத் தெய்வ நிலைக்கு உயர்த்துதல் என்னும் செயலை மேனாட்டார் 'அப்போதியோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லாற் குறிப்பர். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் இச்சொல் இன்றும் உயிரோடு உலவுகின்றது. அது எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவர் கையில் எவ்வாறு பயன்பட்டது, அதற்கு நேரான எண்ணம் நம்மவரிடத்து இருந்ததோ என்பனவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாக்கள். பழங்கதை கேட்கும் இன்பத்துக்காக மட்டும் இவ்வாராய்ச்சி எழவில்லை. மனிதரை வானளாவ உயர்த்திவிட்டுப் பின் அவர் நிழலிலே தாம் ஒடுங்கிக் கிடக்கும் வழக்கம் எக்காலத்துக்கும் உரியது. நம் காலத்துக்கும் உரியது.

சொல்லின் பிறப்பு

'அப்போதியோசிஸ்' என்பதில் இரு பகுதிகள் உள. 'தியோஸ்' என்பது கிரேக்க மொழியில் கடவுளைக் குறிக்கும். 'அப்போ' என்னும் முன்னொட்டுக்கு 'இருந்து நீங்கி' என்பது அடிப்படைப் பொருள். வினைச்சொல்லோடு சேர்ந்தவிடத்து ஒரு செயலை முற்றுவித்தல், ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு முழுதும் மாற்றுதல் என்னும் பொருளையும் தரும். ஆகவே இச்சொல்லுக்கு 'முற்றாகத் தெய்வமாக்கிவிடுதல்' என்பதே நேர்ப்பொருள். இஃது 'ஆதல்' என்னும் தன்வினையைக் குறியாது 'ஆக்கல்' என்னும் பிறவினையைக் குறிப்பதை வாசகர் உன்னுக. தெய்வமாக்கப்படுபவன் ஒருவன், ஆக்குபவர் வேறொருவர். இந்த நுட்பத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு முழுவதும் எளிதிற் புலனாகும்.

இன்னுமொரு புதுமை உண்டு. வடமொழியின் 'தேவ' என்னும் சொல்லும் கிரேக்கரின் 'தியோஸ்' என்னும் சொல்லும் ஒலியால் ஒத்திருத்தலின், இரண்டும் ஒரு வேரினின்று பிறந்தன எனப் பலர் எண்ணுவர். மொழிநூலார் அதனை ஏற்பதில்லை. 'தேவ' என்பது ஒளி, வானம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. இலத்தீன் மொழியின் 'தேயுஸ்', 'தீவுஸ்' என்பன அதன் உடன்பிறந்தார். வேதத்துத் 'தியௌஸ்' என்னும் வான்தெய்வமும், கிரேக்கரின் சேயுஸ் என்னும் தலைமைத் தெய்வமும், உரோமரின் யூப்பிற்றரும் அக்குடும்பத்தினரே. 'தியோஸ்' என்பதோ வேறு வேரினது. விழா, கோயில் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொற்கள் சிலவே அதற்கு உறவாகும். ஆகவே கிரேக்கரின் கடவுட்சொல் வழிபாட்டோடும் விழாவோடும் பிணைந்தது. வடமொழியாரின் சொல் வானத்து ஒளியோடு பிணைந்தது. நம் மொழியிலோ 'இறை' என்பது கடவுளையும் அரசனையும் ஒருங்கே குறிக்கும். அரசன் வாழும் இல்லமாகிய 'கோ இல்' பின்னாளிற் கடவுள் உறையும் கோயிலாயிற்று. அரசும் தெய்வமும் ஒரே சொல்லிற் குடியிருந்த நிலை நமக்கும் புதிதன்று.

கிரேக்கர் கண்ட வழி

கிரேக்கர் தம் பழங்கதைகளில் மனிதனாய்ப் பிறந்து தெய்வமானோரை அறிந்திருந்தனர். ஏறக்கிளீஸ் என்னும் வீரன் ஈற்றா மலையிலே எரியும் சிதையினின்று வானுலகம் புகுந்தான் என்பது அவர்தம் நம்பிக்கை. இதனோடு, இறந்த வீரரின் கல்லறையில் ஆண்டுதோறும் பலியிட்டு வழிபடும் வழக்கமும் இருந்தது. கி.மு. 422இல் அம்பிப்பொலிஸ் நகரைக் காத்துப் போரில் வீழ்ந்தவன் பிறாசிடாஸ் என்னும் ஸ்பார்ட்டத் தளபதி. அந்நகரத்தார் அவன் உடலை ஊருக்குள்ளே அடக்கம் செய்து, கல்லறையைச் சுற்றி வேலியிட்டு, வீரனுக்குரிய பலியும் ஆண்டு விழாவும் விளையாட்டுப் போட்டிகளும் நடாத்தினர் என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியுள்ளார். இதனைப் படிக்கும் தமிழர்க்கு நம் நடுகல் நினைவுக்கு வாராதிராது.

எனினும் இறந்தவனை வழிபடுதல் வேறு. உயிரோடிருப்பவனை வழிபடுதல் வேறு. பெலப்பொனீசியப் போரின் முடிவிலே, அதாவது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், வெற்றி பெற்ற ஸ்பார்ட்டத் தளபதி இலைசாந்தருக்குச் சாமோஸ் தீவினர் பலிபீடம் அமைத்தனர். ஈரா என்னும் தேவியின் பெயரால் நடந்த விழாவுக்கு அவன் பெயரையே இட்டனர். வாழ்ந்திருக்கும்போதே தெய்வத்துக்குரிய பலியைப் பெற்ற முதற் கிரேக்கன் அவனே எனப் பழைய ஆசிரியர் கூறுவர். தீவினர் இதனை ஏன் செய்தனர்? அவன் படை அவர்தம் துறைமுகத்தில் நின்றது. நன்றியும் அச்சமும் அங்கே பிரித்தறிய வொண்ணாதவாறு கலந்து நின்றன.

பின்னர் வந்தவன் அலெக்சாந்தர். கி.மு. 331இல் எகிப்தியப் பாலைவனத்துச் சீவா என்னுமிடத்திலுள்ள அம்மோன் தெய்வத்தின் குறிகேட்கும் தலத்துக்கு அவன் சென்றான். அதன்பின் தெய்வத்தின் மைந்தனெனப் புகழப்பட்டான். தன்முன் நிலமுற வீழ்ந்து வணங்கும் பாரசீக முறையைக் கிரேக்கரும் கைக்கொள்ளவேண்டுமென அவன் விரும்பியபோது, அவனுடன் சென்ற கலிஸ்தெனீஸ் என்னும் அறிஞர் அதனை எதிர்த்தார். மனிதர்க்குரிய மரியாதை வேறு, தெய்வத்துக்குரிய வழிபாடு வேறு என்பது அவர் வாதம். பின்னர் அவர் சதிக்குற்றம் சாட்டப்பெற்று உயிரிழந்தார். கி.மு. 324இல் அலெக்சாந்தருக்குத் தெய்வ மரியாதை அளிப்பது பற்றி அதென்ஸ் நகரில் விவாதம் நிகழ்ந்தபோது, அவன் சேயுஸின் மகனாக வேண்டினாலும் ஆகட்டும், பொசைடனின் மகனாக வேண்டினாலும் ஆகட்டும் என்று தெமொஸ்தெனீஸ் சலிப்போடு கூறினாராம். மறுத்தல் இயலாதபோது ஏளனத்தோடு உடன்படுதலே அறிஞர்க்கு எஞ்சிய வழியாயிற்று.

அலெக்சாந்தர்க்குப் பின் எகிப்தை ஆண்ட தொலமி மரபினர் இவ்வழக்கத்தை அரச நிறுவனமாகவே ஆக்கினர். உறோசெத்தாக் கல்லைப் பற்றிக் கல்லூரி மாணவர் அறிவர். எகிப்திய எழுத்துக்களை வாசிக்கும் திறவுகோலாய் அமைந்தமையால் அது புகழ்பெற்றது. அக்கல்லில் எழுதப்பட்டிருப்பது யாது என்று கேட்போர் சிலரே. கி.மு. 196இல் பூசகர் கூடி, ஐந்தாம் தொலமி என்னும் இளம் அரசனுக்கு ஒவ்வொரு கோயிலிலும் உருவம் நிறுவி நாள்தோறும் வழிபாடு செய்யவேண்டுமெனச் செய்த தீர்மானமே அது. அவ்வரசன் கோயில்களுக்கு வரிச்சலுகை வழங்கியிருந்தான் என்பதும் அதே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது!

தந்தையின் துயரில் ஒரு சொல்

இச்சொல் உரோமர் கைக்கு வந்த வரலாறு சுவையுடையது. பெரும் பேச்சாளராகிய சிசரோ தம் நண்பர் அத்திக்கசுக்கு எழுதிய கடிதங்களில் இக்கிரேக்கச் சொல்லை ஆண்டிருக்கிறார். கி.மு. 61இல் எழுதிய கடிதத்தில், கொன்சல் என்னும் உயர் பதவியை ஒருவர் முன்பு தெய்வமாதலுக்கு ஒப்பிட்டதை நினைவுகூர்ந்து, அப்பதவியின் மதிப்பு இப்போது இழிந்துவருகிறதென நகைச்சுவையோடு எழுதினார். பதினாறு ஆண்டுகள் கழிந்தன. கி.மு. 45இல் அவருடைய அருமை மகள் துல்லியா இறந்தாள். ஆறாத் துயரத்தில் மூழ்கிய தந்தை, மகளுக்குக் கல்லறை எழுப்ப விரும்பாது கோயில் எழுப்ப எண்ணினார். அவளைத் தெய்வ நிலையில் இருத்துவதே தம் நோக்கமென்று அதே நண்பருக்கு எழுதியபோது, முன்னர் விளையாட்டாய் ஆண்ட அதே சொல்லைக் கண்ணீரோடு ஆண்டார். அக்கோயில் எழவில்லை. ஆயினும் மனிதனைத் தெய்வமாக்கும் ஆசை அதிகாரத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று, பிரிவாற்றாத அன்பிலிருந்தும் பிறப்பது என்பதற்கு அக்கடிதமே சான்று.

அடுத்த ஆண்டிலே வரலாறு வேறு திசையிற் சென்றது. கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் திகதி யூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டான். சில திங்களின் பின் அவன் நினைவாக நடந்த விளையாட்டு விழாவின்போது வானத்தில் வால்வெள்ளி ஒன்று தோன்றியது. அது சீசரின் உயிரே என மக்கள் நம்பினர். அவனுடைய சுவீகார மகன் ஒக்தேவியன் அந்நம்பிக்கையை நன்கு பயன்படுத்திக்கொண்டான். கி.மு. 42இல் உரோமரின் மூதவை சீசரைத் 'தீவுஸ்' எனப் பிரகடனஞ் செய்தது. தந்தை தெய்வமாயின் மகன் யார்? தெய்வத்தின் மகனன்றோ! 'தீவி பிலியுஸ்', அதாவது தெய்வமாக்கப்பட்டவனின் மைந்தன், என்னும் பட்டம் அன்று முதல் ஒக்தேவியனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவனே பின்னர் ஒகஸ்தஸ் என்னும் முதற் பேரரசன் ஆனான். மனிதருக்குத் தெய்வ வழிபாடு செய்வதை எள்ளி நகையாடிய சிசரோ, சீசரைத் தெய்வமாக்கிய தீர்மானத்துக்கு முந்திய ஆண்டின் இறுதியிலே ஒக்தேவியனும் அவன் கூட்டாளிகளும் வகுத்த கொலைப் பட்டியலால் உயிரிழந்தார்.

சபை கூடித் தெய்வம் செய்தல்

உரோமர் சட்டவறிஞர்; எதனையும் முறைப்படி செய்பவர். தெய்வமாக்கலையும் அவர் ஒரு சட்ட நடவடிக்கையாக அமைத்தனர். இலத்தீனில் இதற்குக் 'கொன்செக்கிறாத்தியோ', அதாவது திருநிலைப்படுத்தல், என்று பெயர். பேரரசன் இறந்தபின் மூதவை கூடும். அவன் நற்செயல்களை ஆராயும். பின்னர் அவனைத் 'தீவுஸ்' எனத் தீர்மானிக்கும். பிறப்பிலியாகிய தேவரைத் 'தேயுஸ்' என்றும், மனிதராயிருந்து தெய்வமானோரைத் 'தீவுஸ்' என்றும் வேறுபடுத்தினர். மூதவை என்றதும் இலங்கையில் 1947 முதல் 1971 வரை இருந்த செனற் சபை நம் மூத்தோர் நினைவுக்கு வரும். பெயர் ஒன்றே. நல்வினைப் பயனாக நம் செனற்றர்களுக்குத் தெய்வம் செய்யும் அதிகாரம் வழங்கப்படவில்லை!

சட்டமெனின் சாட்சி வேண்டும். கி.பி. 14ஆம் ஆண்டு ஓகஸ்து 19ஆந் திகதி ஒகஸ்தஸ் இறந்தான். செத்தெம்பர் 17ஆந் திகதி மூதவை அவனைத் தெய்வமாக்கியது. எரியும் சிதையினின்று அவன் வானுலகு சென்றதைத் தான் கண்டதாக நுமேரியுஸ் அத்திக்கஸ் என்னும் முன்னாள் உயர் அலுவலன் சத்தியஞ் செய்தான். அச்சத்தியத்துக்காக அரசமாதேவி இலிவியா அவனுக்குப் பத்து இலட்சம் செஸ்தேர்ஸ் நாணயம் வழங்கினாள் என வரலாற்றாசிரியர் தீயோ குறிப்பிடுகிறார்.

இச்சடங்கின் முழு வடிவையும் எரோதியன் என்னும் ஆசிரியர் விரித்துரைத்துள்ளார். கி.பி. 211இல் செவேருஸ் என்னும் பேரரசன் பிரித்தானியாவில் இறந்தான். அவன் உடல் ஆங்கேயே எரிக்கப்பட்டது. ஆயினும் உரோமாபுரியில் அவனைப் போன்ற மெழுகுருவம் ஒன்று செய்து, தந்தக் கட்டிலில் நோயாளியைப்போற் கிடத்தினர். ஒரு புறம் மூதவை உறுப்பினர் கரிய உடையிலும், மறுபுறம் உயர்குல மாதர் வெள்ளுடையிலும் அமர்ந்திருந்தனர். ஏழு நாளும் மருத்துவர் வந்து மெழுகுருவத்தைச் சோதித்து, நோய் முற்றுகிறது என்று அறிவித்துச் சென்றனர்! பின்னர் 'இறந்த' உருவத்தை வெளிநிலத்துக்குக் கொண்டுசென்று, மேன்மேலும் சிறுத்துச் செல்லும் பல அடுக்குகளாகக் கலங்கரை விளக்கம்போற் கட்டிய மரமாளிகையில் வைத்தனர். பொன்னாடையாலும் தந்தச் சிற்பத்தாலும் அழகுசெய்த அம்மாளிகையில் வாசனைத் திரவியங்களைக் குவித்தனர். குதிரை வீரர் அதனைச் சுற்றி வலம்வந்தனர். புதிய பேரரசன் தீயிட்டான். தீ மேலெழும்போது உச்சி அடுக்கிலிருந்து கழுகு ஒன்று பறக்கவிடப்பட்டது. அரசனின் உயிரைச் சுமந்து அது வானுலகு செல்கிறதென மக்கள் கொண்டனர். கழுகும் சிதையும் பொறித்த நாணயங்களை அரண்மனை அடித்து வெளியிட்டது.

நகைத்தவரும் மறுத்தவரும்

எல்லாரும் இதனை நம்பினர் என எண்ணுதல் பிழையாகும். கி.பி. 54இல் குளோதியுஸ் தெய்வமாக்கப்பட்டபோது, தத்துவ ஞானியாகிய செனெக்கா அதனை எள்ளி அங்கதம் ஒன்று இயற்றினார். 'அப்போதியோசிஸ்' என்பதைத் திரித்துப் 'பூசணிக்காயாக்கல்' எனப் பொருள்படுமாறு அதற்குப் பெயரிட்டார். தேவசபையில் குளோதியுஸுக்கு எதிராக வாதாடுபவன் முன்னரே தெய்வமாக்கப்பட்ட ஒகஸ்தஸ் என்பது அந்நூலின் சுவை. கி.பி. 79இல் மரணப்படுக்கையிற் கிடந்த வெஸ்பேசியன், தான் தேவனாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்று தன்னையே நகைத்தானாம்.

மறுத்த அரசனும் உண்டு. கி.பி. 25இல் ஸ்பானிய மாகாணத்தார் தீபேரியுஸுக்கும் அவன் தாய்க்கும் கோயில் கட்ட அனுமதி கேட்டபோது, தான் இறக்கும் மனிதனே என்றும், மக்கள் நெஞ்சில் எழும் நினைவே தனக்குக் கோயில் என்றும் கூறி அவன் மறுத்தான். மாறாக, 'தலைவனும் தெய்வமும்' என்று தன்னை அழைப்பித்துக்கொண்ட தொமித்தியன் கி.பி. 96இல் கொல்லப்பட்டதும், அவனைப் புகழ்ந்துவந்த அதே மூதவை அவன் உருவங்களை அகற்றவும் பெயரை அழிக்கவும் கட்டளையிட்டது. ஆக்குவோர் அழிக்கவும் வல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

அரசனின் உருவத்துக்குத் தூபமிட மறுத்த கிறித்தவர் பலர் அக்காலத்தில் உயிர் துறந்தனர். பின்னர்ப் பேரரசே அச்சமயத்தைத் தழுவியது. எனினும் கி.பி. 337இல் இறந்த கொன்ஸ்தந்தீனைத் தேரேறி வானுலகு செல்வோனாகவும், மேலிருந்து ஒரு கை அவனை வரவேற்பதாகவும் காட்டும் நாணயங்கள் அடிக்கப்பட்டன. வழக்கம் இறந்தபின்னும் அதன் நிழல் சிறிது காலம் நீண்டு கிடந்தது.

நம் கரையில் இறங்கிய 'தெய்வ மைந்தன்'

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்த செய்திகள் எனத் தள்ளிவிடுதற்கில்லை. மிளகுக்கும் மணிக்கும் ஈடாக யவனர் கொண்டுவந்து கொடுத்த வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகுதியானவை ஒகஸ்தஸ், தீபேரியுஸ் என்னும் இருவர் காலத்தன. முதல்வனின் காசில் 'தெய்வமாக்கப்பட்டவனின் மைந்தன்' என்றும், அடுத்தவன் காசில் 'தெய்வமாகிய ஒகஸ்தஸின் மைந்தன்' என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. இலத்தீன் அறியாத நம் வணிகர் அவ்வெழுத்தை வாசித்திரார். வெள்ளியின் தூய்மையை மட்டும் உரைத்துப் பார்த்திருப்பர். பண்டைய உரோமர் வழிப்படம் ஒன்றன் பிற்காலப் பிரதி வியன்னா நகரில் உளது. அதிலே சேரநாட்டு முசிறியின் அருகே 'ஒகஸ்தஸின் கோயில்' எனக் குறிக்கப்பட்டிருக்கிறது. முசிறியில் தங்கிய யவன வணிகர் தம் தெய்வ அரசனுக்கு அங்கே வழிபாடு செய்திருத்தல் கூடும் என அக்குறிப்பு எண்ணத் தூண்டுகிறது. நம் ஈழநாட்டிலிருந்தும் நால்வர் கொண்ட தூதுக்குழு ஒன்று குளோதியுஸின் சபைக்குச் சென்றதைப் பிளினி எழுதிவைத்துள்ளார். அத்தூதர் கண்டு உரையாடிய அரசனே, செனெக்காவின் பூசணிக்காய்க் கதைக்கு இலக்கானவன்.

நம்மவர் வழக்கு

இனி நம் நாட்டு வழக்கை நோக்குவோம். இறந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறையாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பகைவரைத் தடுத்து நின்று, யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல்லையன்றி எம்மூரில் வழிபடத்தக்க தெய்வம் வேறில்லை எனப் பொருள்படப் பாடிய புறநானூற்றுப் புலவரும் உளர். அவ்வீரன் மாநிலம் ஆண்டவனல்லன். சான்றுரைக்கக் கூலிபெற்ற அலுவலனும் அவனுக்கில்லை. ஊர்மக்கள் தம்மைக் காத்தவனுக்குத் தாமே நட்ட கல் அது.

சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சியில் நிறுவியது தன் உருவத்தையன்று. தன் நாட்டவளுமல்லாத வணிகர்குலப் பெண் ஒருத்தியின் உருவத்தையே. அவ்விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்திருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அன்று தொடங்கிய வழிபாடு வற்றாப்பளை வைகாசிப் பொங்கலிலும், மட்டக்களப்பின் வைகாசிச் சடங்கிலும் குளிர்த்தியிலும், சிங்கள மக்களின் பத்தினி வழிபாட்டிலும் இன்றும் நிலவுகிறது. மனிதப் பெண்ணைக் கடவுளாக வழிபடலாமோ என நாவலர் பெருமான் கடிந்து வினவியதையும் ஈண்டு மறைக்கவேண்டியதில்லை. அவ்வினா தத்துவத்தின் வினா. வழிபாடோ நீதி கேட்டு நின்ற ஒருத்தியின்பால் மக்கள் கொண்ட நன்றியின் விடை. இரண்டுக்கும் நம் சமுதாயத்தில் இடமிருந்தது.

அரசரோ எனின், அவர் செய்தி வேறு. அசோகனும் நம் நாட்டுத் தீசனும் பூண்ட பட்டம் 'தேவநம்பிய', அதாவது தேவர்க்குப் பிரியன், என்பதே. தேவரின் அன்புக்குரியவன் என்றதன்றித் தேவன் என்றதன்று. சோழர் தம் முன்னோரை அடக்கஞ் செய்த இடத்தில் எழுப்பிய கோயிலைப் பள்ளிப்படை என்பர். முதலாம் ஆதித்தனுக்குத் தொண்டைமானாட்டில் பராந்தகனும், அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் இராசராசனும், பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையில் இராசேந்திரனும் எழுப்பினர். அங்கே கருவறையில் இருப்பது அரசனின் உருவமன்று, சிவலிங்கமே. அரிஞ்சிகை ஈச்சுரம், பஞ்சவன்மாதேவீச்சுரம் என இறைவனின் இடத்துக்கு இறந்தோரின் பெயர் சூட்டப்பட்டது. உரோமாபுரியில் அரசன் தெய்வத்தின் பெயரை எடுத்துக்கொண்டான். சோழநாட்டில் அரசனின் பெயர் ஈசன் திருவடிக்கீழ் ஒதுங்கிற்று. இவ்வேறுபாடு சிறிதன்று.

நம்மவர் அனைவரும் இதிற் குற்றமற்றோர் என்பதன்று. வடபுலத்தை ஆண்ட குஷாணர் தம்மைத் 'தேவபுத்திரர்' என்று அழைத்துக்கொண்டு, மதுராவை அடுத்த இடத்தில் தம் உருவங்களைக் கோயிலில் நிறுவினர். நம் மெய்க்கீர்த்திகளிலும் புகழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயினும் திருவள்ளுவர் 'இறைமாட்சி' என்று அதிகாரம் வகுத்தபோது, முறைசெய்து காப்பவனே மக்களுக்கு இறையாக மதிக்கப்படுவான் என்று நிபந்தனையை முன்வைத்தே மதிப்பைப் பின்வைத்தார். இல்வாழ்வானுக்கும் அதே தெய்வ வரிசையைத் தந்தார். வாழவேண்டிய முறையில் வாழ்தல் ஒன்றே அதற்கு அவர் கேட்ட விலை. ஆங்கே சபைத் தீர்மானமும் வேண்டா; கழுகும் வேண்டா.

எனக் கொள்ளல்

சைவ சித்தாந்தம் இவ்விடயத்தில் மிகத் தெளிவுடையது. பதி வேறு, பசு வேறு. உயிர் முத்தியடைந்து சிவத்தோடு ஒன்றி இன்பம் நுகரினும், ஐந்தொழில் இயற்றும் முதன்மை இறைவனுக்கே உரியது. ஆதலால் உயிர் ஒன்றைக் கடவுளாக 'ஆக்க' எவராலும் இயலாது. நம் கோயில்களின் திருச்சுற்றில் அறுபத்து மூவர் நிற்கும் கோலத்தை நோக்குக. நாம் அவர்களை வணங்குகிறோம். அவர்களோ கைகூப்பி நிற்கின்றனர். வணங்கப்படுபவரே வணங்கி நிற்கும் காட்சி, தெய்வமாக்கலுக்கு நம் முன்னோர் கண்ட மறுப்பு.

ஆயினும் மெய்கண்டார் தம் நூலின் இறுதிச் சூத்திரத்தில், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்று பணித்தார். தைத்திரீய உபநிடதம் தாயையும் தந்தையையும் ஆசிரியனையும் விருந்தினனையும் தெய்வமாகக் கொள்ளுமாறு மாணவனுக்கு உபதேசிக்கின்றது. ஔவையாரும் பெற்றோரைக் கண்முன் காணும் தெய்வமாகவே காட்டினார். இவை முரண்பாடோ எனின், அன்று. இங்கே கூறப்படுவது 'ஆக்கல்' அன்று, 'எனக் கொள்ளல்'. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஒருவனைத் தெய்வமாக்கும்போது அவன் அதிகாரம் வளர்கிறது. அவனைக் கேள்வி கேட்கும் உரிமை அழிகிறது. ஒருவரைத் தெய்வமாகக் கொள்ளும்போது நம் கடமை வளர்கிறது. அவருக்கு நீரும் சோறும் பணிவும் அளிக்கும் பொறுப்பு நம்மேல் வருகிறது. உபநிடதம் கூறிய நால்வரையும் எண்ணிப் பாருங்கள். முதிர்ந்த தாய் தந்தையர், பொருள் குறைந்த ஆசிரியர், வழிநடந்து வந்த விருந்தினர் ஆகிய இவர்களுள் எவரிடத்துப் படையுண்டு? எவரிடத்துக் கருவூலமுண்டு?

இளைஞர்க்கு

சொற்கள் பொருள் மாறுவன. 'அப்போதியோசிஸ்' என்பது இன்று ஆங்கிலத்தில் உச்சநிலை, முழுமைபெற்ற மேன்மை என்னும் பொருளிலும் வழங்குகிறது. வாசிங்டன் நகரின் பாராளுமன்றக் கட்டடத்தின் உட்கூரையில், சோர்ச்சு வாசிங்டன் வானுலகில் வீற்றிருப்பதாகப் புறுமிடி என்னும் ஓவியர் 1865இல் தீட்டிய ஓவியத்துக்கு இதே சொல் பெயராயிற்று. முடியாட்சியை ஒழித்த குடியரசிலும் அவ்வாசை ஒழியவில்லை! 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி யப்பானியப் பேரரசர் இரோகிற்றோ, தமக்கும் மக்களுக்குமுள்ள பிணைப்பு தாம் தெய்வமென்னும் பொய்க்கருத்தின்மேல் நிற்பதன்று என உலகறியக் கூறவேண்டியவரானார். அதற்கு முன் அந்நாட்டு இளைஞர் எத்துணைபேர் தெய்வத்தின் பெயரால் உயிரிழந்தனர் என்பதை எண்ணுக.

இன்று மூதவை கூடித் தெய்வம் செய்வதில்லை. நாமே செய்கிறோம். திரைப்பட நடிகரின் உருவத்துக்குப் பாலாபிடேகம் செய்கிறோம்; தலைவரின் படத்துக்குச் சூடங் காட்டுகிறோம்; அவர் தவறு செய்யின் அதனைக் கூறுபவனைத் துரோகி என்கிறோம். நன்றி பாராட்டுதல் நம் பண்பு; நடுகல் நட்ட மரபினர் நாம்; நம்மைக் காத்தவரை மறத்தல் ஆகாது. ஆயினும் கல்லை நட்டவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வீரன் செய்தது யாது என்பதைக் கல்லிலே எழுதிவைத்து, அதனைத் தெரிந்தே வணங்கினர்.

ஆதலின், இளைஞர்காள், எவரையேனும் தெய்வமென்று போற்றுமாறு உங்களிடம் கூறப்படின் இரண்டு வினாக்களை வினவுங்கள். ஆக்குபவர் யார்? இதனால் வளர்வது அவர் அதிகாரமோ, எம் கடமையோ? கடமை வளருமாயின் தயங்காது வணங்குங்கள். அவ்வணக்கத்தைத் தொடங்குதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. உங்கள் இல்லத்தின் திண்ணையிலே, மூத்த தாயொருத்தி ஒரு குவளை நீருக்காகக் காத்திருத்தலுங் கூடும்.